டேங்க் சித்தூருக்கு, பம்பு திருப்பதிக்கு

செங்கம்மாவின் ஷெட்டில் ஆறாயிரம் கோழிக்குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்கு வேண்டியவை மூன்றே மூன்று: தீவனம், தண்ணீர், காற்று. தீவனத்தைக் கம்பெனி கொடுத்தது. தண்ணீரைப் போர்வெல் கொடுத்தது. காற்றைக் கரண்ட் கொடுத்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் கொடுக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அரசாங்கம் உள்ளே வந்தது.

கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே அரை மைல் தள்ளி இருந்தது அந்த ஷெட், அதை ஒட்டியே அவள் வீடு. நாலு பக்கமும் சுவர் வைத்து மூடிய ஷெட். ஒரு கோடியில் தண்ணீர் வழியும் தட்டி, மறு கோடியில் ஆறு பெரிய ஃபேன்கள். ஃபேன்கள் ஓடும்வரை வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குஞ்சுகள் தின்னும், தூங்கும், எடை போடும். ஃபேன் நின்றதுமே வாயைத் திறக்கும். பத்து நிமிஷத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதற்கு மேல் என்ன ஆகும் என்பதைச் செங்கம்மா யோசிப்பதில்லை. போன கோடையில் ஒரே மத்தியானத்தில் இரண்டாயிரத்தைக் குழி வெட்டிப் புதைத்தவள் அவள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இனிமேல் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி சூப்பர்வைசர், புதைத்த இடத்தில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

முன்பெல்லாம் டீசல் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. பக்கத்து நிலத்து வேங்கடாசலம் டிராக்டரை எடுத்துக்கொண்டு புத்தூர் பங்க்குக்குப் போவான். டேங்க் நிறையப் போட்டுக்கொண்டு வருவான். ஊரில் யாருக்கு டீசல் வேண்டுமோ அவர் வாசலில் நிறுத்தி, அரை அங்குல ஹோஸை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சி, கேனில் விடுவான். ஐந்து ஊருக்கும் அவன் டிராக்டர்தான் டீசல் டேங்க்.

எங்கோ யாரோ டீசல் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓர் உத்தரவு வந்தது. கிராமத்தில் எவரும் கேனில் டீசல் வாங்கக் கூடாது. முறைப்படி தேர்வு செய்த டேங்க்கும் பம்பும் வைத்திருக்கிறார் என்று சான்று காட்டுகிறவருக்கு மட்டும் பங்க்கில் கேனில் ஊற்றலாம். சான்று தர வேண்டியது ஊரக எரிபொருள் இருப்புத் தேர்வு மையம். அப்படி ஒரு மையம் பதினோரு வருஷமாக இருந்துவருவது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மையத்துக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சிலர் சொன்னார்கள்.

வேங்கடாசலத்தையும் வழியில் மடக்கி ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். "டிராக்டர் உள்ள இருந்தா அது டிராக்டர் டீசலாம். ஹோஸ் வழியா வெளிய வந்துட்டா தேர்வு செய்யாத டீசலாம்" என்று சொல்லிவிட்டு அவன் ஹோஸைச் செங்கம்மாவின் ஷெட் ஆணியில் மாட்டினான், செங்கல் லோடு அடிக்க நாராயணவனம் பக்கம் போய்விட்டான்.

ஏப்ரல் நாலாம் தேதி லைன்மேன் ரவி வந்தான். "அக்கா, பதினாறு, பதினேழு, பதினெட்டு, மூணு நாளும் புது லைன் இழுக்கறோம். காலைல ஒம்பதுலேந்து சாயந்தரம் அஞ்சு வரிக்கும் கரண்ட் இருக்காது. அப்புறம் சொல்லலன்னு சொல்லாத."

ஜெனரேட்டரின் சொந்த டேங்க் இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும். மணிக்கு ஐந்து லிட்டர் குடிக்கும். ஒன்பதுக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்குத் தீரும். இரண்டிலிருந்து ஐந்து வரை மூன்று மணி நேரம். குஞ்சுகளுக்கு அன்று வயது பதினெட்டு நாள். பதினாறாம் தேதி முப்பது நாள் ஆகியிருக்கும். அந்த வயதுக் கோழிக்குத்தான் வெயில் அதிகம் தாங்காது. அந்த மூன்று மணி நேரத்துக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும் டீசல் தேடிச் செங்கம்மா மறுநாள் காலை சித்தூர் பஸ் ஏறினாள்.

செங்கம்மா ஆறாவது வரை படித்தவள். வீட்டில் அவள் குரல் கிணற்று மேட்டைத் தாண்டிக் கேட்கும். ஆபீஸ் வாசற்படியில் கால் வைத்ததும் அது தொண்டைக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் புருஷன் முனிகிருஷ்ணனுக்கு ஸ்ரீசிட்டி ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். ஆகையால் அந்தத் தொண்டையோடு அவளேதான் போக வேண்டியிருந்தது.

சித்தூர் மையத்தில் தேர்வு அலுவலர் சஞ்சய் இருந்தார். அவருக்குப் பின்னால் பூட்டிய கண்ணாடி அலமாரியில் உள்ளங்கை அளவில் நாலு டேங்க் மாதிரிகள் இருந்தன.

"உக்காருங்கம்மா. இங்க யாரையும் நிக்க வெக்கறது கிடையாது" என்றார் சஞ்சய். உட்கார நாற்காலி இல்லை. செங்கம்மா நின்றுகொண்டே, உட்கார்ந்ததுபோல் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"எந்த மாதிரி டேங்க் வேணும்?"

"அறுநூறு லிட்டர் சார். சதுர டேங்க். வேப்ப மரத்து நெழல்ல நாலடி ஸ்டாண்ட் போட்டு மேல ஏத்திட்டா போதும். கீழ ஒரு கொழா வெச்சா டீசல் தானா எறங்கிடும். பம்புகூட வேணாம்."

சஞ்சய் பேனாவைக் கீழே வைத்தார். "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"நானே யோசிச்சிகினு வந்தேன் சார்."

"யோசிச்சிட்டு வரக்கூடாதும்மா" என்றார் அவர், கோபம் இல்லாமல். "யோசிக்கிறதுக்குத்தான் கவர்மெண்ட் எங்களை வெச்சிருக்கு. நீங்க தேர்வு மட்டும் செய்யணும். பாருங்க, படுத்த டேங்க், நின்ன டேங்க், சதுர டேங்க், ரெட்டைச் சுவர் டேங்க். நாலுல எது வேணும்னாலும் சுதந்திரமா எடுத்துக்கோங்க."

செங்கம்மா சதுரத்தைக் காட்டினாள்.

"சதுரம் இந்த வருஷம் லேதம்மா, கெடையாது."

நின்றதைக் காட்டினாள்.

"அது ஃபேக்டரிக்கு."

ரெட்டைச் சுவரைப் பார்த்தாள்.

"அது அலமாரிக்கு மட்டும்தான். நெஜத்துல யாரும் செய்யறதில்ல."

செங்கம்மா மிச்சமிருந்ததைக் காட்டினாள்.

சஞ்சயின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்களா தேர்ந்தெடுத்தீங்க!" என்று ஒரு தாளை நீட்டினார். படுத்த டேங்க்கைத் தன் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தேர்ந்தெடுத்ததாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

"சார், சான்று எப்போ கெடைக்கும்? பதினாறாந் தேதி கரண்ட் நிறுத்தறாங்க."

"கவலையே படாதீங்க. இந்தப் பதினோரு வருஷத்துல நாங்க ஒரு தரகாஸ்து, ஒரு விண்ணப்பம்கூட நிராகரிச்சதில்ல. போன மீட்டிங்ல பெரிய ஆபீசர் கேட்டாங்க, எத்தனை பேருக்குச் சான்று குடுத்தீங்கன்னு. நான் எழுந்து தைரியமா சொன்னேன், நிராகரிப்பு பூஜ்யம் சார்னு. எல்லாரும் கை தட்டினாங்க. எத்தனை குடுத்தீங்கன்னு அப்புறம் யாரும் கேக்கல." அவர் தாளை மடித்துக் கொடுத்தார். "டேங்க் முடிஞ்சிது. பம்புக்குத் திருப்பதி போங்க."

"பம்பு வேணாம்னு..."

"பம்பு இல்லாத டேங்க் அரை டேங்க்மா. அரை டேங்க்குக்குச் சான்று கிடையாது."

மாவட்டம் இரண்டானபோது மையத்தையும் இரண்டாக்க வேண்டி வந்தது. ஆளை வெட்ட முடியாது, நாற்காலியை வெட்ட முடியாது. எனவே வேலையை வெட்டினார்கள். டேங்க் பிரிவு சித்தூரில் தங்கியது. பம்புப் பிரிவு திருப்பதிக்குப் போனது. டேங்க்கையும் பம்பையும் சேர்க்கிற குழாய் எந்த மாவட்டத்துக்குச் சொந்தம் என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.

திருப்பதியில் பம்புப் பிரிவு ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்தது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குடும்பத்தார் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் தள்ளி ரூம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பம்பு அலுவலர் சுஷ்மிதா தலை நிமிராமலே "ரூம் லேது" என்றாள். அந்த அலுவலகத்தில் உடனுக்குடன் பதில் கிடைத்தது அவர்களுக்கு மட்டும்தான்.

சுஷ்மிதா செங்கம்மாவின் தாளைப் படித்தாள். "பம்போட சக்தி டேங்க்கோட உயரத்தைப் பொறுத்தது. உயரம் எங்க எழுதியிருக்கு?"

செங்கம்மா விரல் வைத்துக் காட்டினாள். 'உயரம்: பம்புக்கு ஏற்ப' என்று இருந்தது.

"அப்படின்னா சித்தூர் போய் உயரம் வாங்கிட்டு வாங்க. உயரம் தெரியாம நான் பம்பு குடுத்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"மேடம், கையால சுத்தற பம்புதான். எந்த ஒயரத்துக்கும் சுத்தலாம்."

"உங்க கை சுத்தும்மா. ரூல் சுத்தாது" என்றாள் சுஷ்மிதா. தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் அதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

எட்டாம் தேதி சித்தூர். உயரம் வேண்டுமானால் பம்பின் சக்தி வேண்டும் என்றார் சஞ்சய். ஒன்பதாம் தேதி திருப்பதி. பத்தாம் தேதி மறுபடியும் சித்தூர். விடியற்காலையில் குஞ்சுகளுக்குத் தீவனம் கொட்டிவிட்டு, ஷெட்டைப் பார்த்துக்கொள்ளச் சின்னம்மா மகள் மல்லிகாவை உட்காரவைத்துவிட்டு, செங்கம்மா பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் கோழிகள் முந்தின நாளைவிடப் பெரிதாக இருந்தன. அதைப் பார்க்க அவளுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.

"இன்னா சொல்றாங்க?" என்று முனிகிருஷ்ணன் போனில் கேட்டான்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறாங்க."

"அப்போ ஆவாது" என்றான் அவன். அவனுக்கு ஃபேக்டரி அனுபவம் இருந்தது.

பத்தாம் தேதி அவள் ஒரு காரியம் செய்தாள். சஞ்சயின் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். "சார், நீங்களும் அந்த மேடமும் ஒரு வாட்டி போன்ல பேசிக்கக் கூடாதா?"

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ரோஹிணிகூட நிமிர்ந்து பார்த்தாள்.

"மாவட்டம் விட்டு மாவட்டம் பேசணும்னா லெட்டர்தான்மா" என்றார் சஞ்சய், குழந்தைக்குச் சொல்வதுபோல். "போன்ல பேசினா பேசினதுக்கு ஆதாரம் இருக்காது. ஆதாரம் இல்லாம நாங்க ஒரு ஹலோகூடச் சொல்றதில்ல." ஆனாலும் அவர் மனம் இளகியது. "ஒண்ணு பண்ணலாம். கூட்டு ஆய்வு போடறேன். பதிமூணாந் தேதி ரெண்டு பேரும் வர்றோம். அதுக்குள்ள டேங்க்கும் பம்பும் வாங்கி மாட்டி வைங்க."

"வாங்கி மாட்டிட்டா அப்புறம் இன்னா சார் தேர்வு?"

"பொருள் இருந்தாத்தானேம்மா தேர்வு செய்ய முடியும்?" என்றார் சஞ்சய். இவ்வளவு எளிய விஷயம் இவளுக்குப் புரியவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

செங்கம்மா புத்தூருக்குப் போய் அறுநூறு லிட்டர் படுத்த டேங்க்கும் கைப்பம்பும் வாங்கி, மினி லாரியில் ஏற்றி வந்து, வேப்ப மர நிழலில் ஸ்டாண்டின் மேல் உட்காரவைத்தாள். பதிமூன்றாம் தேதி காலை குளித்துவிட்டு வந்து டேங்க்குக்கு மஞ்சள் பூசி, நடுவில் வட்டமாகக் குங்குமம் வைத்தாள். அந்த வீட்டுக்குள் இன்ஜினோ சக்கரமோ வாயோ உள்ள எந்தப் புதுப் பொருளும் மஞ்சள் குங்குமம் இல்லாமல் வந்ததில்லை. ஜெனரேட்டருக்கு வைத்தாள், எடை மிஷினுக்கு வைத்தாள், முனிகிருஷ்ணனின் ஹெல்மெட்டுக்கும் வைத்திருந்தாள். டேங்க்குக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினாள். இந்தத் தடவை ஏதும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பூசியதால் கை நிற்கவில்லை.

சஞ்சய் சித்தூரிலிருந்து ஜீப்பில் திருப்பதிக்குப் போய், சுஷ்மிதாவை ஏற்றிக்கொண்டு, கார்வேட்டிநகரத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது பதினொன்றரை மணி. முதலில் கசிவுச் சோதனை. சான்று இல்லாத டேங்க்கில் டீசல் ஊற்றக் கூடாது என்பதால் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அறுநூறு லிட்டர் போர்த் தண்ணீர் டேங்க்குக்குள் போனது. ஒரு சொட்டும் கசியவில்லை. செங்கம்மா மூச்சு விட்டாள்.

அப்போது சுஷ்மிதா டேங்க்கின் முன்பக்கம் வந்தாள். மஞ்சளைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். பையிலிருந்து நிறக் குறிகளின் கையேட்டை எடுத்துப் பக்கம் புரட்டினாள்.

"மஞ்சள் தளம், நடுவுல சிவப்பு வட்டம்" என்று வாசித்தாள். "அமிலம்."

"இன்னா மேடம்?"

"உள்ள ஆசிட் இருக்கா?"

"தண்ணி மேடம். இப்போதான் உங்க கண்ணு எதிருல ஊத்தனேன்."

"அப்போ இது தண்ணி டேங்க்" என்றாள் சுஷ்மிதா.

"அமிலக் குறி போட்ட தண்ணி டேங்க்" என்று திருத்தினார் சஞ்சய். அவருக்குத் துல்லியம் முக்கியம்.

"சாமிக்கு வெச்சது சார்! இந்தா தொடச்சிடறேன்" என்று செங்கம்மா முந்தானையை எடுத்தாள். இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு மாவட்டங்களும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"ஆய்வு நடக்கறப்போ குறியை அழிச்சா அது ஆதாரத்தை அழிக்கிறதும்மா" என்றார் சஞ்சய். "உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. அதனாலதான் சீல் வெக்கறேன்." நூல் கட்டி, அரக்கு உருக்கி, டேங்க்கின் மூடிக்கும் குழாய்க்கும் பம்புக்கும் சீல் வைத்தார். "இது இனிமே நிறக் குழுதான் முடிவு பண்ணணும்."

"அந்தக் குழுல யார் சார் இருக்காங்க?"

"நான் தலைவர். மேடம் உறுப்பினர்."

செங்கம்மா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இங்கதான கீறீங்க. இப்பவே முடிவு பண்ணிடுங்க சார்."

"இப்போ நாங்க ஆய்வுக் குழு" என்றாள் சுஷ்மிதா. "ஒரே நாள்ல ரெண்டு குழுவா இருக்க முடியாது."

பதினாலு விடுமுறை. பதினைந்து, விடுமுறைக்கு மறுநாள். பதினாறாம் தேதி மத்தியானம் நிறக் குழு அவள் வீட்டிலேயே கூடும் என்று முடிவானது. ஜீப்பில் ஏறும்போது சஞ்சய் சொன்னார்: "சாப்பாடு பெருசா ஒண்ணும் வேணாம். நாட்டுக்கோழி போதும். பிராய்லர் மேடத்துக்கு ஒத்துக்காது."

பதினாறாம் தேதி சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ரவி சொன்ன சொல் தவறாதவன்.

ஜெனரேட்டர் கிளம்பியது. ஆறு ஃபேன்களும் சுற்றின. செங்கம்மா ஒரு குச்சியை டீசலில் விட்டு அளவு பார்த்தாள். அரை மணிக்கு ஒருமுறை பார்த்தாள். குச்சியில் ஈரம் ஒவ்வொரு விரலாகக் கீழே இறங்கியது. இடையில் ரோட்டுக்கு ஓடி, வந்த ஷேர் ஆட்டோக்களை எல்லாம் கை காட்டி நிறுத்தி டீசல் கேட்டாள். வேங்கடாசலத்துக்கு வந்த நோட்டீஸைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவனும் போய்விட்டான்.

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்து வேப்ப மரத்தடியில் நின்றது. வயதான டிரைவர் சுனில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மர நிழலில் படுத்தார். நிறக் குழு உள்ளே போய் இலை முன் உட்கார்ந்தது.

செங்கம்மா பரிமாறினாள். கை குழம்பை ஊற்றியது. காது ஜெனரேட்டரிடம் இருந்தது.

"நல்ல காரம்" என்றார் சஞ்சய். "மேடம், மஞ்சள்ங்கிறது மஞ்சள் நிறமா இல்ல மஞ்சள்ங்கிற பொருளா, அதை முதல்ல நாம தீர்மானிக்கணும்."

"பொருளா இருந்தா நம்ம குழுவுக்கு வராது" என்றாள் சுஷ்மிதா, ஓர் எலும்பைக் கடித்தபடி.

ஒன்றே முக்காலுக்கு ஜெனரேட்டரின் சத்தம் மாறியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. செங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சார், டீசல் தீரப்போவுது. இன்னும் கொஞ்ச நேரந்தான். உள்ள ஆறாயிரம் உசுரு கீது சார். சீல எடுக்க உத்தரவு குடுங்க, சான்று குடுங்க, ஓடிப்போய் வாங்கிகினு வந்துடறேன்."

சஞ்சய் கையை உயர்த்தினார். "குழு கூடியிருக்கும்மா. இன்னைக்கு அஜெண்டாவுல நிறம் மட்டும்தான் இருக்கு. டீசல் இல்ல. அஜெண்டாவுல இல்லாததைப் பேசினா பேசினதே செல்லாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் இலையைப் பார்த்தார். "ரசம் இருக்கா?"

ஜெனரேட்டர் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது.

ஃபேன்கள் உடனே நிற்கவில்லை. மெதுவாக, மெதுவாக, ஒவ்வொன்றாக நின்றன. கடைசி ஃபேனும் நின்றதும் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கத்தல் என்று சொல்ல முடியாது. ஆறாயிரம் வாய்கள் ஒன்றாகத் திறக்கிற சத்தம். போன கோடையில் அவள் கேட்டது அதைத்தான்.

செங்கம்மா வெளியே ஓடினாள். வாசலில் நின்றாள். எதிரில் டேங்க், அரக்கு சீல், உள்ளே அறுநூறு லிட்டர் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் ஜீப்.

ஷெட் ஆணியிலிருந்த ஹோஸ் அவள் கைக்கு எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஜீப்பின் டீசல் மூடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. மறுபடியும் திருகினாள். நகம் பெயர்ந்தது.

மரத்தடியில் துண்டு விலகியது. சுனில் அவளைப் பார்த்தார். கையிலிருந்த ஹோஸைப் பார்த்தார். ஷெட்டின் பக்கம் ஒருமுறை காது கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நான் தூங்கிகினு கீறேன்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

வேங்கடாசலம் செய்ததை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் செய்ததில்லை. முதல் உறிஞ்சில் காற்று வந்தது. இரண்டாவதில் வாய் நிறைய டீசல் வந்தது. துப்பினாள், குமட்டியது, ஹோஸைக் கேனுக்குள் விட்டாள். மல்லிகா நிறைந்த கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்; ஹோஸ் அடுத்த கேனில் விழுந்துகொண்டே இருந்தது. டீசல் தீர்ந்து நின்ற இன்ஜின் ஊற்றியதும் கிளம்பிவிடாது. குழாய்க்குள் காற்று ஏறியிருக்கும். செங்கம்மா நட்டைத் தளர்த்தி, காற்றை வெளியே தள்ளும் பிரைமரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாள். நுரை வந்தது. நுரை வந்துகொண்டே இருந்தது. உள்ளே கோழிகள் மூலைக்கு மூலை ஏறிக்கொண்டிருந்தன. மல்லிகா அவற்றை விலக்கிவிட்டபடி அழுதாள். கடைசியில் நுரை அடங்கி, டீசல் தெளிவாக வந்தது. நட்டை இறுக்கினாள். சாவியைத் திருப்பினாள்.

கிளம்பியது.

பதினோரு நிமிஷம். அறுபத்து மூன்று கோழிகள். மற்றவை வாயை மூட ஆரம்பித்தன.

மூன்று மணிக்கு நிறக் குழு தன் தீர்மானத்தை எழுதி முடித்தது. மஞ்சள் என்பது மஞ்சளா என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவது என்பது தீர்மானம். இருவரும் கை துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். சுனில் சாவியைத் திருப்பினார். ஜீப் கனைத்தது, கிளம்பவில்லை.

சுஷ்மிதாதான் முதலில் மோப்பம் பிடித்தாள். செங்கம்மாவின் புடவையிலிருந்து டீசல் வாசனை அடித்தது.

"கவர்மெண்ட் டீசல்!" என்றார் சஞ்சய். அவர் முகம் சிவந்தது. "இது திருட்டு! போலீசைக் கூப்பிடறேன்! என்ன தைரியம்மா உனக்கு!"

செங்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சுனில், புத்தூர் போய் ஒரு கேன் வாங்கிட்டு வாய்யா!"

"கேன்ல ஊத்த மாட்டாங்களே சார்" என்றார் சுனில். "சான்று கேப்பாங்க. போர்டே மாட்டிக்கினு கீறாங்க. நாமதான மாட்டச் சொன்னோம்?"

சஞ்சய் சுற்றுமுற்றும் பார்த்தார். அரை மைல் தூரத்துக்கு வெயில் மட்டும் இருந்தது.

"இன்னொண்ணு சார்" என்றார் சுனில். "லாக்புக்குல இன்னா எழுதட்டும்? நாப்பது லிட்டரு நின்ன எடத்துலயே தீந்துபோச்சு. நீங்க துன்னுகினு இருந்தீங்க, அப்போ போச்சுன்னு எழுதட்டா?"

சஞ்சயும் சுஷ்மிதாவும் வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள். லெட்டர் இல்லாமல் பேசினார்கள். பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்தபோது சஞ்சயின் முகத்தில் பழைய மலர்ச்சி வந்திருந்தது.

"பாருங்கம்மா, நாங்க விவசாயிகளுக்கு எதிரி இல்ல. உங்க டேங்க்கையும் பம்பையும் நேரடியா சோதனை பண்ணிட்டோம். சோதனைக்கு நாப்பது லிட்டர் அலுவலக டீசல் செலவாச்சு. ரெண்டுமே திருப்தி. என்ன மேடம்?"

"பம்பு நல்லா வேலை செய்யுது" என்றாள் சுஷ்மிதா, அரக்கு உடையாத பம்பைப் பார்த்தபடி.

ஜீப்பின் பானெட் மேல் வைத்துச் சான்றுப் படிவத்தை நிரப்பினார்கள். டேங்க், படுத்தது. உயரம், பம்புக்கு ஏற்ப. பம்பு, டேங்க்குக்கு ஏற்ப. கசிவு, இல்லை. நிறம், மரபு. சுனில் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். சான்றில் கையெழுத்து விழுந்தால்தான் பங்க்கில் டீசல், டீசல் வந்தால்தான் சஞ்சய் சித்தூர் போக முடியும். பதினோரு வருஷத்தில் அந்த மையத்தில் ஒரு படிவம் இவ்வளவு வேகமாக நிரம்பியதில்லை.

கடைசிக் கட்டத்தில் சஞ்சயின் பேனா நின்றது. அந்தப் பக்கம்வரை இதற்கு முன் எந்தப் படிவமும் போனதில்லையாதலால் அதில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, இதை விண்ணப்பதாரர்தான் சொல்லணும். நாங்களா எழுதக் கூடாது. தேர்வு செய்ததற்கான காரணம்?"

செங்கம்மா செத்த அறுபத்து மூன்று கோழிகளைத் தீவனச் சாக்குகளில் போட்டு, ஒவ்வொரு மூட்டையாக இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மூட்டையைத் தரையில் விட்டாள். வாயிலிருந்த கசப்பை ஓரமாகத் துப்பினாள். அவள் குரல் கிணற்று மேட்டைத் தாண்டிக் கேட்டது.

"அதுதான் சார் பக்கத்துல நின்னுகினு இருந்திச்சு."

சஞ்சய் தன் ஜீப்பைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து, அந்தக் கட்டத்தில், அழகான கையெழுத்தில், 'அருகாமை' என்று எழுதினார்.